முதல் வாரத்துப் பசியாறல்

நினைவு மலர்களில் தலைவர்கள், செயலாளர்களின் பெயர்கள் இருக்கும். கட்டட நிதிக் கணக்கும் இருக்கும். நம் முன்னோர் இங்கு வந்திறங்கிய முதல் வாரத்தில் எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

'ஜெலாப்பாங்' என்றால் மலாயில் நெற்களஞ்சியம். ஆனால் ராஜுலா கப்பலில் பினாங்கு வந்து, அங்கிருந்து ஈப்போ சேர்ந்த நம்மவர்கள் இந்தப் பக்கம் பார்த்தது ஈயச் சுரங்கங்களையும் ரப்பர் மரங்களையும்தான். பலர் தனியாட்கள். கடையிலேயே வேலை, கடையிலேயே படுக்கை. சமைத்துப் போட ஆளில்லை.

தெருவில் சீனர் வண்டியில் மீ வறுபடும் வாசம் இழுக்கும். பன்றிக் கொழுப்பாக இருக்குமோ என்ற பயம் காலைத் தடுக்கும். மலாய்க்காரரிடம் அந்தப் பயமில்லை. அங்கே பெலாச்சான் நாற்றம். பெரியவர்கள் பலருக்கு முதலில் கைகொடுத்தது நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் நெத்திலியும் ஊர்ச் சாப்பாடு போலவே இருந்தன. அதன் சம்பலிலும் பெலாச்சான் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நாக்கு பழகிவிட்டது!

மீயையும் நம்மவர்கள் விடவில்லை. சீனரிடம் மஞ்சள் மீயும் தௌஹூவும் வாங்கி, புந்தோங் தௌகே சேர்த்து, அரைத்த மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்டுத் தங்கள் சட்டியிலேயே பிரட்டினார்கள். அதுதான் மீ கோரேங் மாமாக். ராமநாதபுரத்திலும் அதற்குப் பெயர் கிடையாது, சீனாவிலும் கிடையாது. 'மாமாக்' நம் 'மாமா'விலிருந்து வந்த சொல். அன்பாகவும் சொல்கிறார்கள், வேறு மாதிரியும் சொல்கிறார்கள். நாசி கண்டார் பினாங்கில் பிறந்தது. கண்டார் என்பது தோளில் சோற்றையும் குழம்பையும் சுமந்த காவடித் தண்டு.

பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்த அம்மாமார்கள் பெலாச்சானை வீட்டுக்குள் விடவில்லை. கணவர் கடையில் தின்றுவிட்டு, வாய் கழுவி வீடு திரும்பிய காலமும் இருந்தது. இன்று அதே அம்மாமார்கள்தான் உரலில் சம்பல் இடிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து எங்கள் கடைக்கு ஒரு பையன் வேலைக்கு வந்தான். முதல் வாரம் பரோட்டாவைத் தவிர எதையும் தொடவில்லை. ஒரு நாள் இரவு நம்மவர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனோம். மீயைப் பார்த்துவிட்டு, "பாய், இது ஹலாலா?" என்று மெதுவாகக் கேட்டான். கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"எங்க அத்தாவும் இதைத்தான் கேட்டாராம். உட்காருங்க தம்பி" என்று சொல்லி முட்டையை உடைத்து ஊற்றினார்.