இந்திய ராணுவச் செலவுப் பங்கீட்டு வழக்கு

1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி நீங்கி இந்தியா பிரிட்டிஷ் முடியின்கீழ் வந்தது முதல் 1947 வரை, ராணுவச் செலவில் இந்தியக் கஜானாவின் பொறுப்பு எவ்வளவு, பிரிட்டிஷ் கஜானாவின் பொறுப்பு எவ்வளவு என்பது குறித்து இரு சர்க்கார்களுக்குமிடையே ஓயாது நடந்துவந்த வழக்கு இது. வரி கொடுத்த இந்திய மக்களுக்கு இதில் தீர்மானிக்கும் உரிமை இல்லாமையே இவ்வழக்கின் அடிப்படைக் குறையாகும்.

தலைக்கட்டணம்: இங்கிலாந்தில் சிப்பாய்களைத் திரட்டிப் பயிற்றுவிக்க ஆகும் செலவுக்காக, இந்தியாவில் இருந்த ஒவ்வொரு வெள்ளைச் சிப்பாய்க்கும் ஆண்டுக்கு 10 பவுன் வீதம் 1861 முதல் லண்டன் யுத்த இலாகா வசூலித்தது. இது 1890-இல் 7 பவுன் 10 ஷில்லிங்காகக் குறைந்து, 1908-இல் 11 பவுன் 8 ஷில்லிங்காக ஏறிற்று. 1870-இல் இங்கிலாந்து தன் சௌகரியத்துக்காகக் குறுகிய கால ராணுவச் சேவையைப் புகுத்தியபோது, சிப்பாய்கள் விரைவில் ஊர் திரும்ப, புதியவர்களை அடிக்கடி கப்பலேற்ற நேர்ந்து, இந்தியாவின் செலவு கூடிற்று. இந்தியாவில் தேர்ச்சி பெற்றுத் திரும்பியவர்கள் இங்கிலாந்தின் சேமப் படையில் சேர்ந்தனராதலின், அந்த லாபத்தையும் கணக்கில் கொள்ளவேண்டுமென்று வைசிராயின் சர்க்காரே வாதாடியது.

அந்நிய யுத்தங்கள்: படையெடுப்பைத் தடுத்தல் போன்ற அவசர நிலைகளில் தவிர, இந்திய எல்லைக்கு அப்பால் நடக்கும் போர்களுக்குப் பார்லிமெண்டின் இரு சபைகளும் சம்மதித்தாலன்றி இந்திய வருவாயைச் செலவிடலாகாது என்பது 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எனினும் சம்மதம் பெறுவது அரிதாயிருக்கவில்லை. 1867-இல் அபிசீனியா சென்ற இந்தியத் துருப்புகளின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே கொடுத்தது. 1878-80 ஆப்கானிய யுத்தத்துக்கு பிரிட்டன் 50 லட்சம் பவுன் மட்டுமே தந்து, பெரும்பாரத்தை இந்தியாவின்மீது ஏற்றிற்று.

வெல்பி கமிஷன்: இந்தியச் செலவுகளை ஆராய 1895-இல் அமைந்த இக்கமிஷனில் தாதாபாய் நௌரோஜி அங்கத்தினராயிருந்தார். 1897-இல் கோகலேயும், சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயரும் சாட்சியம் அளித்தனர். 1900-இல் வெளியான அறிக்கையில் பெரும்பான்மையோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,93,000 பவுன் நிவாரணம் சிபாரிசு செய்ய, நௌரோஜி, வெட்டர்பர்ன், கெய்ன் ஆகியோர் அது போதாதென்று தனியே கருத்துரைத்தனர்.

கர்ரன் நடுவர் மன்றம்: 1932-இல் ஆஸ்திரேலிய சட்ட நிபுணர் ஸர் ராபர்ட் கர்ரன் தலைமையில், இரு பிரிட்டிஷ் நீதிபதிகளும் ஷாதி லால், ஷா சுலைமான் என்னும் இரு இந்திய நீதிபதிகளும் கூடித் தலைக்கட்டண வழக்கை விசாரித்தனர். அதன் பயனாக பிரிட்டன் ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் அளிக்க இசைந்தது.

1939 ஒப்பந்தம்: இரண்டாம் உலகப் போர் மூண்டதும், சமாதான காலத்துச் சாதாரணச் செலவையும் இந்தியாவுக்கென்றே செய்த போர்ச்செலவையும் இந்தியா ஏற்பதென்றும், மற்றவற்றைப் பெரும்பாலும் பிரிட்டன் ஏற்பதென்றும் முடிவாயிற்று. பிரிட்டன் தன் பங்கை ரொக்கமாகத் தராமல் லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே வந்தமையால், நெடுங்காலம் கடன்பட்டிருந்த இந்தியா கடன் கொடுத்த நாடாக மாறிற்று. 1947 ஆகஸ்டில் இந்நிலுவை 116 கோடி பவுன் எனக் கணக்கிடப்பட்டு, பங்கீட்டு வழக்கு இரு சுதந்திர நாடுகளிடையே தீர்க்கவேண்டிய கடன் பாக்கியாக உருமாறிற்று.