பூ ஸஆதாவின் மலைகளும் நஸ்ருத்தீன் தீனேயும்

அல்ஜியர்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 250 கிலோ மீட்டர் சென்றால் பூ ஸஆதா என்னும் பாலைச்சோலை நகரை அடையலாம். ஹுத்னா சமவெளி முடிந்து அவ்லாத் நாயில் மலைகள் தொடங்குமிடத்தில் அது அமைந்துள்ளது. ஊருக்கு மேலே கர்தாதா மலை வெறும் பாறையாக உயர்ந்து நிற்கிறது. கீழே ஆற்றங்கரையை ஒட்டிப் பேரீச்சந்தோப்புகள். ஸஆதா என்ற அரபுச் சொல் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. நற்பேறு உடையது என்பதே ஊர்ப் பெயரின் பொருள்.

இவ்வூரில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று 1993இல் நிறுவப்பட்டது. அது தாங்கியிருப்பது பாரிஸில் பிறந்த ஒரு பிரெஞ்சு ஓவியரின் பெயரை. 132 ஆண்டுகள் பிரான்சின் பிடியில் கிடந்து, பெரும் குருதி சிந்தி 1962இல் விடுதலை பெற்ற ஒரு தேசம், தன்னை ஆண்ட இனத்தில் பிறந்த ஒருவரின் பெயரை விரும்பி ஏற்றது எங்ஙனம்? இவ்வினாவே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது.

எத்தியேன் தீனே 1861ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தார். பாரிஸில் முறையாக ஓவியம் பயின்றவர். 1884இல் அரிய வண்டினம் ஒன்றைத் தேடிச் சென்ற பூச்சியியலாளர் குழுவுடன் முதன்முறையாக அல்ஜீரியாவின் தென்பகுதிக்குப் போனார். வண்டைத் தேடியவர்கள் திரும்பினார்கள். இவருடைய மனமோ அங்கேயே தங்கிவிட்டது. மறு ஆண்டே அரசு உதவித்தொகையுடன் மீண்டும் சென்று லாகுவாத், மிஸாப் பகுதிகளைக் கண்டார். 'லாகுவாத்தின் மாடிகள்', 'புயலுக்குப் பின் மஸீலா ஆறு' ஆகியவை அக்காலத்து நிலக்காட்சிகள்.

லாகுவாத் என்ற பெயரைச் சொல்லும்போது நாம் சற்று நின்றாக வேண்டும். 1852 டிசம்பரில் பிரெஞ்சுப் படை அந்நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றியபோது அங்குப் பெரும் படுகொலை நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு அங்குச் சென்ற ஓவியர் ஃப்ரொமாந்தென், பின்னர் எழுதிய தம் பயண நூலில் அதன் வடுக்களைப் பதிவு செய்தார். அதற்கு முப்பதாண்டுகளுக்குப் பின் வந்த இருபத்து நான்கு வயது தீனேயின் கண்ணில் பட்டது வெயில் தோய்ந்த மண் மாடிகள்தாம். அதனை அவருடைய குற்றமாக நாம் கூறவில்லை. ஆயினும் கீழைத்தேயத்தை வரைந்த ஓவியர்களின் அழகிய வெளிச்சத்திற்குப் பின்னால் ஒரு படையெடுப்பு இருந்தது என்பதை மறந்து அப்படங்களைப் பார்த்தல் தகாது.

எட்வர்ட் ஸயீதின் நூல் 1978இல் வெளிவந்த பின் இவ்வுண்மை பரவலாக உணரப்பட்டது. எனினும் நம் மாணவர்களிற் சிலர் அந்நூலை ஒரே அளவுகோலாகக் கொண்டு, மேற்கத்தியர் எவரைக் கண்டாலும் 'முஸ்தஷ்ரிக்' என்று முத்திரை குத்தி அமைகின்றனர். தீனேயை அவ்வளவு எளிதாக அடக்கிவிட முடியாது. அவர் அரபு மொழி கற்றார். மிஸாப் வழிவந்த ஸுலைமான் பின் இப்ராஹீமை வாழ்நாள் நண்பராகப் பெற்றார்; நூல்கள் பலவற்றை இருவர் பெயரிலும் வெளியிட்டார். 1905இல் பூ ஸஆதாவில் வீடு வாங்கி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

தங்கி வாழ்ந்தது அவருடைய தூரிகையையும் மாற்றியது. வழிப்போக்கரான ஓவியருக்கு மலை ஒரு வியப்பு. அடிவானத்தில் நின்று முடிந்துவிடும். நாள்தோறும் அதைப் பார்த்து எழுபவருக்கோ அது அண்டை வீட்டார் போன்றது. தீனேயின் படங்களில் நண்பகல் வெயில் பாறையில் பட்டுத் தெறித்து மனித முகங்களிலும் ஆடைகளிலும் படிகிறது; நிழல் கறுப்பாக இல்லாமல் ஊதாவும் நீலமுமாக விழுகிறது. வண்ணங்கள் காலப்போக்கில் கெடுவதைத் தடுப்பது பற்றித் தனி நூலே எழுதிய அளவிற்கு அவர் தொழில்நுட்ப அக்கறை கொண்டவர்.

இரு தலைப்புகளை ஒப்பிட்டால் நாம் கூற வருவது விளங்கும். குஸ்தாவ் கில்லோமே 1863இல் வரைந்த சிறந்த படத்தின் பெயர் 'சஹாராவில் மாலைத் தொழுகை'. அதில் தொழுவோர் அந்த விரிந்த நிலத்தின் ஒரு பகுதியாகத் தெரிகின்றனர். தீனே 1921இல் வரைந்த படமோ 'தொழுகை நடத்தும் இமாம்: அத்தஹிய்யா' எனப்படுகிறது. தொழுகையின் எந்த இருப்பு அது என்று பெயரிட்டுச் சொல்ல, பார்த்திருந்தால் மட்டும் போதாது. ஸஃப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவரிடம் நாம் ஏற்க முடியாதவையும் உள்ளன. அவ்லாத் நாயில் நடன மாதரையும் நீராடும் மகளிரையும் ஆடையின்றி வரைந்த படங்கள் பல. பாரிஸ் சந்தையின் விருப்பமும் அதில் இருந்தது என்றே தோன்றுகிறது. இதை மூடி மறைத்து அவரை வலியாக்கிக் காட்டுவோரோடு நாம் உடன்படவில்லை. உருவப்படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த அளவுகோலின்படி அவருடைய மலைகளும் ஆற்றுப் படுகைகளுமே நமக்கு ஐயமின்றிக் கைக்கொள்ளத்தக்கவை.

1913இல் அவர் இஸ்லாத்தை வெளிப்படையாக ஏற்று நஸ்ருத்தீன் என்று பெயர் சூடினார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மடிந்த முஸ்லிம் வீரர்களின் கப்ருகளுக்கு உரிய நடுகல் வடிவத்தை வரைந்து தந்தார். ஸுலைமானுடன் இணைந்து எழுதிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு 1918இல் வெளிவந்தது; அவ்வீரர்களுக்கே அது காணிக்கையாக்கப்பட்டது. படங்கள் நிறைந்த அந்நூலில் அண்ணலாரின் உருவம் இல்லை. முஸ்லிம்களின் வழிபாட்டுக் காட்சிகளும் புனித நகரங்களின் தோற்றங்களுமே உள்ளன. பக்க அலங்காரங்களைச் செய்தவர் அல்ஜியர்ஸின் நுண்ணோவியர் முஹம்மத் ராஸிம். பின்னாளில் ஷைகுல் அஸ்ஹராக விளங்கிய அப்துல் ஹலீம் மஹ்மூத் இந்நூலை அரபாக்கத் துணிந்தார் என்பதே அதன் தகுதிக்குச் சான்று. ஸீராவைத் திரித்த லாமன்ஸ் பாதிரியார் போன்றோருக்கு மறுப்பாகவும் தீனே ஒரு நூல் எழுதினார்.

1929இல் ஸுலைமானுடன் ஹஜ் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் பாரிஸில் வஃபாத்தானார். பாரிஸ் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடைபெற்றது. பின்னர் அவர் விரும்பியவாறே உடல் கடல் கடந்து பூ ஸஆதாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1930 ஜனவரி 12இல் அடக்கம் செய்யப்பட்டது. சுமார் ஐயாயிரம் பேர் திரண்டனர். முன்னாள் தலைமை ஆளுநர் வியோலெத் இரங்கலுரை ஆற்றினார். அல்ஜீரியாவைக் கைப்பற்றிய நூற்றாண்டைப் பிரான்ஸ் கொண்டாடிய ஆண்டு அது! ஆட்சியாளர் அவரைத் தம் நாட்டின் பெருமையாகக் கருதினர். ஊர் மக்கள் தம் ஹாஜியாரை அடக்கம் செய்தனர். ஒரே மண்ணறையைச் சுற்றி இரு வேறு கூட்டங்கள் நின்றன எனலாம்.

ஹஜ் பற்றிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1930இல் இரு நண்பர்களின் பெயரோடும் வெளிவந்தது. மக்காவைச் சார்ந்து அவர் தீட்டியவற்றுள் ஜபலுந் நூர் மலையும் ஒன்று. செடி கொடியற்ற அப்பாறைக் குன்றை வரைய அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருந்திருக்காது. கர்தாதாவின் அடிவாரத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவரல்லவா?