தொட்டிச் சுவரின் வெப்பம்: தொடர் கலக்கு வினைகலனின் இயங்கு மாதிரியில் விடுபடும் ஓர் உறுப்பு

வேதிப்பொறியியல் மாணவர்கள் சி.எஸ்.டி.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் தொடர் கலக்குத் தொட்டியில் ஒருபுறம் வினைபடுபொருள் நுழைந்துகொண்டே இருக்கும். மறுபுறம் கலவை வெளியேறிக்கொண்டே இருக்கும். கலக்கி நன்றாகச் சுழல்வதால் உள்ளே எங்கும் ஒரே செறிவு, ஒரே வெப்பநிலை. இந்த எடுகோளை ஏற்றால் தொட்டி முழுவதும் இரண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குள் வந்துவிடும்: ஒன்று பொருளின் கணக்கு, மற்றொன்று வெப்பத்தின் கணக்கு. இவ்வளவு எளிய மாதிரிக்குள் சிக்கலைக் கொண்டுவருவது ஆரீனியஸ் விதி. வெப்ப உமிழ் வினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது; குளிர்ப்பு உறையோ வெப்பத்தை நேர்கோட்டு விகிதத்தில்தான் அகற்றுகிறது.

மாதிரியை எழுதும்போது பெரும்பாலோர் தொட்டிச் சுவரின் வெப்ப ஏற்புத்திறனை விட்டுவிடுகிறார்கள். மாறாநிலையில் எந்த வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆகவே சுவர் வெப்பத்தைச் சேமிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. மாறாநிலைக் கணக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த மாறாநிலை தாங்குமா தாங்காதா என்பதையே சுவர் தீர்மானிக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிளாட்டினத்தின் மீது அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் முறையை ஆராய்ந்த லில்யென்ரோத், ஒரே இயக்க நிபந்தனையில் வினை பற்றியும் எரியலாம், அணைந்தும் கிடக்கலாம் என்பதை 1918இலேயே கவனித்தார். 1953இல் வான் ஹீர்டன் அதை வரைபடமாக்கினார். 'எஸ்' எழுத்துபோல் வளையும் வெப்ப உற்பத்திக் கோட்டை வெப்ப அகற்றல் கோடு மூன்று இடங்களில் வெட்டலாம். அகற்றல் கோட்டின் சாய்வு அதிகமாக உள்ள இரு முனைகள் நிலைக்கும், நடுப்புள்ளி நிலைக்காது என்பது அந்தப் படத்திலிருந்து கிடைக்கும் விதி. 1955இல் பிலோவும் அமண்ட்சனும் லியாபுனோவின் நேரியலாக்க முறையைக் கையாண்டு, சாய்வு விதி தேவையான நிபந்தனையே தவிரப் போதுமானது அல்ல என்று காட்டினர். கூடுதலாக இன்னொன்று வேண்டும்: வெப்பநிலை விலகல் தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும் வேகம், செறிவு விலகல் தேயும் வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆனாலும் வகுப்பறைகளில் கரும்பலகை ஏறுவது பெரும்பாலும் வான் ஹீர்டன் படம்தான்.

பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எடுத்துக்காட்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கனஅளவு 100 லிட்டர். ஓட்டம் நிமிடத்துக்கு 100 லிட்டர். உள்வரும் கலவை 350 கெல்வின், லிட்டருக்கு 1 மோல். குளிர்ப்பி 300 கெல்வின். கிளர்வு ஆற்றலை வாயு மாறிலியால் வகுத்தால் 8750 கெல்வின். அடுக்குக்குறிக்கு முன்வரும் காரணி நிமிடத்துக்கு 7.2 × 10¹⁰. வினைவெப்பம் மோலுக்கு 50,000 ஜூல். வெப்பக் கடத்தல் கெல்வினுக்கு நிமிடத்துக்கு 50,000 ஜூல். கலவையின் அடர்த்தி லிட்டருக்கு 1000 கிராம், வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு கிராமுக்கு 0.239 ஜூல். இந்தக் கடைசி எண் உறுத்துகிறது. நீரின் மதிப்பில் இது ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்கு. ஒரு ஜூலுக்கு 0.239 கலோரி என்ற மாற்றுக் காரணியோடும் ஒத்துப்போகிறது. நீரின் மதிப்பை இட்டால் முழு வினையும் கலவையை 12 கெல்வின்தான் சூடாக்கும். மூன்று மாறாநிலைகள் என்ற பேச்சே எழாது. 0.239 என்றால் அந்த உயர்வு 209 கெல்வின். எடுத்துக்காட்டின் நாடகமெல்லாம் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

கணக்கிட்டால் மூன்று மாறாநிலைகள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 324.5 கெல்வினில் 12 விழுக்காடு வினை மட்டும் நடக்கும்; 350 கெல்வினில் பாதி; 369.7 கெல்வினில் 79 விழுக்காடு. நடுநிலை சேணப்புள்ளி. அதிலிருந்து ஏற்படும் சிறு விலகல் ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை இரட்டிக்கும். இது வான் ஹீர்டன் சொன்னதுதான். மேல்நிலையில்தான் ஏமாற்றம். அங்கே உற்பத்திச் சாய்வு 2.21, அகற்றல் சாய்வு 3.09, சாய்வு விதி நிறைவேறிவிட்டது. ஆனால் வெப்பநிலை தன்னை ஊட்டிக்கொள்ளும் நிகர வேகம் நிமிடத்துக்கு 7.50, செறிவு தேயும் வேகம் 4.79 மட்டுமே. இரண்டாம் நிபந்தனை முறிகிறது. படத்தில் உறுதியாகத் தெரியும் அந்தப் புள்ளி, வளரும் அலைவுகளோடு தொட்டியைத் தன்னிடமிருந்து தள்ளிவிடும். குளிர்ப்பியை 305 கெல்வினுக்கு உயர்த்தினால் 378 கெல்வினில் ஒரே மாறாநிலைதான் மிஞ்சும், அதுவும் நிலைக்காது. இரு மாறிகளும் வரம்பு தாண்டி ஓட முடியாது என்பதால், புவான்காரே–பெண்டிக்சன் தேற்றத்தின்படி தொட்டி ஓயாத வரம்புச் சுழலில் சிக்கும்.

இப்போது சுவருக்கு வருவோம். அது கலவையின் வெப்பநிலையோடே ஏறி இறங்குகிறது என்று கொண்டால், வெப்பச் சமன்பாட்டின் வலப்பக்கம் முழுவதும் ஒரு காரணியால் வகுபடும்: சுவரும் கலவையும் சேர்ந்த ஏற்புத்திறன், கலவை மட்டும் கொண்ட ஏற்புத்திறனைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்தக் காரணி. மாறாநிலைகள் அசையா, நடுப்புள்ளி எத்தனை மடங்கானாலும் சேணப்புள்ளியாகவே இருக்கும். ஆனால் 300 கெல்வின் குளிர்ப்பியில் வரும் மேல்நிலையின் 7.50 அந்தக் காரணியால் வகுபடும், 4.79 அப்படியே நிற்கும். ஆகவே காரணி 1.57ஐத் தாண்டினால் மேல்நிலை நிலைத்துவிடும். அதற்கு வேண்டிய எஃகு ஏறத்தாழ 27 கிலோ. உயரமும் விட்டமும் சமமான 100 லிட்டர் உருளையை 4 மில்லிமீட்டர் தடிப்பில் செய்தால், பக்கச் சுவரும் அடித்தகடும் மட்டுமே 31 கிலோ வரும். கலக்கியும் மூடியும் தனி. பாடநூல் நிலையற்றது என்று காட்டும் தொட்டியை உண்மையில் எஃகில் செய்து இயக்கினால் அது அமைதியாக ஓடக்கூடும்.

இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. அதே விகித வடிவில் 1,00,000 லிட்டர் தொட்டியை 12 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் காரணி 1.2 அளவுதான். வெப்பம் அகற்றும் திறன் கனஅளவுக்கு ஈடாக வளர்ந்ததாகவே கொண்டாலும், சிறு தொட்டியில் அமைதியாக ஓடிய வினை பெரிய தொட்டியில் அலையத் தொடங்கும். சோதனைத் தொட்டியின் மாறாநிலைத் தரவுகளை மட்டும் வைத்து அளவைப் பெருக்குபவருக்கு இதை எச்சரிக்கும் எண் எதுவும் கையில் இராது. அந்தத் தரவுகளில் சுவரின் தடயமே கிடையாது.

ஒரு மறுப்பு எழலாம்: சுவர் கலவையோடு சேர்ந்து அசைவதில்லை, கலவைக்கும் குளிர்ப்பிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அல்லவா இருக்கிறது? மறுப்பு நியாயமானது. உறைப் பக்கத்தில் வெப்பத் தடை மிகுந்தால் சுவர் கலவையைத் தொடரும், மேலே செய்த கணக்கு செல்லும். கலவைப் பக்கத்தில் தடை மிகுந்தால் அது குளிர்ப்பியைத் தொடரும்; அப்போது அது நிலைப்புக்குக் கைகொடுக்காது, குளிர்ப்பைத் தாமதப்படுத்தும். கண்ணாடிப் பூச்சிட்ட தொட்டிகளில் பூச்சே எஃகைக் கலவையிலிருந்து பிரித்து வைக்கிறது. அங்கே ஏற்புத்திறன்களைக் கூட்டி ஒரே காரணியாக்குவது தவறான நம்பிக்கையைத் தரும். சுவருக்கு மூன்றாவது வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைத் தனியே எழுதி, மூன்று ஐகன் மதிப்புகளையும் பார்த்த பிறகே கட்டுப்படுத்தியை வடிவமைக்க வேண்டும்.