பற்களில் பதிந்த பாதை வரலாறு

வரலாற்றைக் கல்வெட்டிலும் ஓலைச்சுவடியிலும் தேடுவது நம் வழக்கம். மனிதன் செய்த இயந்திரங்களிலும் அது பதிந்து கிடக்கிறது என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்ட சான்று மிகச் சிறியது: அமெரிக்க நாட்டுப் பழைய பிக்கப் வண்டிகளின் பின்னச்சில் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள்.

முதலில் அவற்றின் தொழிலை அறிந்துகொள்வோம். எஞ்சினின் சுழற்சி, கியர்ப் பெட்டியைக் கடந்து, நீண்ட தண்டின் வழியாகப் பின்னச்சை அடைகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனால் பின்சக்கரங்கள் உருளுகின்றன. பினியனில் 10 பற்களும் கிரவுனில் 40 பற்களும் இருந்தால், தண்டு நான்கு முறை சுற்றும்போது வண்டிச் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த நான்குதான் அச்சின் பல் விகிதம். எண் பெரிதானால் இழுவிசை கூடும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் கூடும், இழுவிசை குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது இழந்தே ஆகவேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1908-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ‘மாடல் டி’ காரில் கிரவுனுக்கு 40 பற்கள், பினியனுக்கு 11. ஆகவே விகிதம் சுமார் 3.64. எஞ்சினின் ஆற்றலோ 20 குதிரைத்திறனே. 1904-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, அந்நாட்டுச் சாலைகளில் நூற்றுக்கு ஏழு பங்கே சரளை முதலியன பரப்பிச் செப்பனிடப்பட்டவை. எஞ்சியவை மழைக்குச் சேறாகும் மண்பாதைகள்.

1917-இல் ஒரு டன் சுமைக்கென்று ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டிடி’ என்னும் லாரியை வெளியிட்டது. எஞ்சின் காரில் இருந்ததே. ஆனால் அச்சின் விகிதம் 7.25 ஆக உயர்ந்தது. மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் அதனை ஓட்டலாகாது என்பது அறிவுரை. விரைவு வேண்டுவோர் 5.17 விகிதமுள்ள அச்சினைப் பெறலாம். அதற்கும் 35 கிலோமீட்டரே வரம்பு. இன்று இது நகைப்பிற்கு இடமாகத் தோன்றலாம். ஆனால், குதிரை வண்டியில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சென்ற உழவனுக்கு இந்த வேகம் குறைவன்று. சேற்றிலும் மேட்டிலும் சுமை நில்லாமல் நகரவேண்டும் என்பதே அவன் தேவை. அத்தேவைக்கு விடையாக அமைந்த எண்ணே 7.25.

அடுத்து, 1947-இல் வெளிவந்த செவ்ரோலே 3100 என்னும் பிக்கப் வண்டியைப் பார்ப்போம். எஞ்சின் சுமார் 90 குதிரைத்திறன் கொண்டது. அச்சின் விகிதம் 4.11. பண்ணைக்கும் சிற்றூருக்கும் இடையே சென்றுவர அது பொருத்தமாகவே இருந்தது.

பின்னர் வண்டி மாறுமுன் பாதை மாறியது. 1956-இல் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், சுமார் 66,000 கிலோமீட்டர் நீளமுள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. மண்பாதையை எண்ணிச் செய்த வண்டிகள், தங்குதடையற்ற விரைவுப் பாதையில் ஓடவேண்டிய நிலை பிறந்தது.

அதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். சக்கரத்தின் குறுக்களவு 71 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 717 முறை சுற்றும். உச்ச கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே அளவில் சுற்றுவதால், 4.11 விகிதத்தில் எஞ்சின் சுமார் 2,950 முறை சுற்றவேண்டும். 1953 வரை இவ்வண்டிகளில் இருந்த எஞ்சினின் இணைப்புத் தண்டுகள், வார்த்த வெள்ளுலோகப் பேரிங்குகளில் சுழன்றன. அவற்றுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்தே சேர்ந்தது. மணிக்கணக்கில் அவ்வேகத்தைத் தாங்குவது அதற்குக் கடினம்.

இத்தகைய வண்டிகளைப் பேணிக் காத்து ஓட்டுவோர் இன்றும் பலர். அவர்களுள் சிலர் 3.55 விகிதமுள்ள பற்சக்கர இணையைப் பொருத்துகின்றனர். அப்போது அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2,550 முறை சுற்றினால் போதும். ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையும் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைகிறது. சுமையோடு மேடேறுகையில் முன்னதாகவே கியரைக் குறைக்க நேரும். தண்டின் சுழற்சியை எண்ணும் வேகமானியும் பொய் சொல்லும். அதன் சிறு பற்சக்கரத்தையும் மாற்றவேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: பற்சக்கரம் வேகத்தைத் தரும், நிறுத்தும் வல்லமையைத் தராது. பழைய வேகத்துக்கென அமைந்த பிரேக்கை மறந்து அச்சை மட்டும் மாற்றுவது ஆபத்து.

ஆகவே ‘எந்த எண் சிறந்தது?’ என்ற வினாவுக்கு விடையில்லை. ‘எந்தப் பாதை, எவ்வளவு சுமை, எவ்வளவு வேகம்?’ என்ற வினாக்களுக்கே விடையுண்டு. சுமை ஏற்றி மலைப்பாதையில் செல்பவருக்கு 4.11 இன்றும் தக்கதே; வெறும் வண்டியை நெடுஞ்சாலையில் செலுத்துபவருக்கு 3.55 நலம் தரலாம்.

பழைய கருவி ஒன்றைக் கண்டால், ‘இது ஏன் இவ்வளவு மந்தமானது?’ என்று எள்ளுவது எளிது. அதைச் செய்தவர் முன் இருந்த பாதை எது என்று வினவுவதே வரலாற்று அறிவு. மாணவர்கள் அவ்வினாவைக் கேட்கப் பழகவேண்டும் என்பதே என் விருப்பம்.