சுற்றுப்பாதைப் பெருங்குடியிருப்புகள்: பொறியியலும் மூடிய உயிர்ச்சூழலும்

முன்னுரை

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் 1974 செப்டம்பரில் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதிய கட்டுரை, விண்வெளிக் குடியேற்றம் என்ற புனைகதைக் கருவைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கோடைக்கால ஆய்வு, 10,000 பேர் வாழத்தக்க வளைய வடிவக் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்தது. அரை நூற்றாண்டு ஆகியும் அதில் எதுவும் கட்டப்படவில்லை. ராக்கெட் செலவும் அரசுகளின் தயக்கமும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை மெய்யே. எனினும் அவை நீங்கினாலும் நீங்காத தடை ஒன்று உண்டு: மனிதரைத் தாங்கும் மூடிய உயிர்ச்சூழலை நெடுங்காலம் நிலைநிறுத்தும் அறிவு இன்னும் நம் கைக்கு வரவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சுழற்சியும் நிறையும்

சுழலும் வளையத்தின் உள்விளிம்பில் நிற்பவர் எடையை உணர்வார். நிமிடத்துக்கு ஒரு சுற்றில் புவியின் ஈர்ப்புக்கு நிகரான விசை கிடைக்க ஆரம் ஏறத்தாழ 894 மீட்டர் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு வளையத்தின் விட்டம் 1.8 கி.மீ. ஆனது இதனால்தான். ஆரத்தை 10 மீட்டராகச் சுருக்கினால் நிமிடத்துக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் தேவைப்படும். அங்கே 1.7 மீட்டர் உயரமுள்ளவரின் பாதத்தில் உள்ள ஈர்ப்பைவிடத் தலையில் 17 விழுக்காடு குறைந்திருக்கும். தலையைத் திருப்பினாலே குமட்டும். பெரிய வளையத்தில் இந்த வேறுபாடு 0.2 விழுக்காடுதான்.

அந்த வளையத்தின் நிறை ஏறத்தாழ 1 கோடி டன். அதில் மிகப் பெரும்பகுதி கதிர்வீச்சைத் தடுக்கும் நிலவுமண் கசடு. பன்னாட்டு விண்வெளி நிலையமோ சுமார் 420 டன். இடைவெளி மலைப்பூட்டினாலும் இது அளவு சார்ந்த சிக்கலே. இதற்குத் தடையாக இயற்பியல் விதி எதுவும் இல்லை.

புனைகதை வாசகர்களும் இயக்கவியலைக் கூர்ந்து சோதித்தார்கள். லாரி நிவன் 1970இல் ‘ரிங்வேர்ல்டு’ நாவலில் படைத்த மாபெரும் வளையம் தன் விண்மீனைச் சுற்றி நிலையாக நிற்காது என்று அவர்கள் சுட்டிக்காட்ட, அவர் அதன் தொடர்ச்சி நாவலில் அதைச் சரிசெய்யும் உந்துகருவிகளைச் சேர்த்தார். காற்றும் மண்ணும் இதே அளவு சோதனைக்கு உள்ளாகவில்லை. கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘அரோரா’ (2015) இதில் குறிப்பிடத்தக்க விலக்கு. பல தலைமுறைப் பயணத்தில் ஒரு கலத்தின் ஊட்டச்சத்துச் சுழற்சி மெல்லச் சிதைவதை அது கதையின் மையமாக்கியது.

காற்று தந்த பாடம்

அரிசோனாவின் ‘பயோஸ்பியர் 2’ கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் மூடிய சூழலில் வாழ்ந்து பார்க்க நுழைந்தனர். பதினாறு மாதங்களில் காற்றிலிருந்த ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14.5 ஆகச் சரிந்தது; வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. உரம் மிகுந்த மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உட்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. அதைத் தாவரங்கள் உட்கொண்டு ஆக்சிஜனை மீட்டுத் தந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகப் பூட்டிவைத்தது. சுவரும் உயிர்ச்சூழலின் உறுப்பாகிவிடும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையம் 2000 நவம்பர் முதல் தொடர்ந்து மனிதர் வாழும் இடம். 2023இல் 98 விழுக்காடு நீர் மீட்பையும் எட்டியது. ஆயினும் உணவு அநேகமாக முழுதும் புவியிலிருந்தே போகிறது. சரக்குக் கலங்கள் நின்றால் அங்கே வாழ்வும் நிற்கும்.

ஒரு மறுப்பு

குடியிருப்பு பெரிதானால் பிழைகளைத் தாங்கும் திறனும் கூடும் என்று வாதிடலாம். ‘பயோஸ்பியர் 2’இன் காற்றுவெளி ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர், தலைக்கு 25,000. ஸ்டான்ஃபோர்டு வளையத்தின் குழாய் விட்டம் 130 மீட்டர். அதன் கனஅளவைக் கணக்கிட்டுப் பத்தாயிரம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 7,000 கன மீட்டர்கூடத் தேறாது. தோற்றுப்போன சோதனையைவிட இது குறைவு. ஓநீல் முன்வைத்த 32 கி.மீ. நீள உருளைக் குடியிருப்புகளுக்கு இந்த மறுப்பு பொருந்தலாம். ஆனால் சிறியவற்றில் தேறாமல் அவற்றைக் கட்டி மக்களைக் குடியேற்ற முடியாது.

முடிவுரை

சைபீரியாவின் ‘பயோஸ்-3’, சீனாவில் 370 நாள் நடந்த ‘யுவேகோங்-1’ ஆகிய மூடிய வாழிடச் சோதனைகள் சரியான திசையைக் காட்டுகின்றன. இவை ராக்கெட் இல்லாமல் நிலத்திலேயே நடத்தக்கூடியவை. இஸ்ரோ 2035க்குள் விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டுள்ளது. 2025 ஜனவரியில் காராமணி விதைகளைச் சுற்றுப்பாதையில் முளைக்கவும் வைத்தது. முளைத்தல் முதல் படி மட்டுமே. விதை, மண், காற்று, கழிவு, மனிதர் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் இயங்கும் மூடிய வாழிடச் சோதனை ஒன்றையும் அந்த விண்வெளி நிலையத் திட்டத்துடன் சேர்த்தே தொடங்க வேண்டும்.