துருவும் களிம்பும்

செம்பிற் களிம்பு என்ற உவமையைச் சைவ சித்தாந்த வகுப்பில் சொல்லும்போது இன்றைய மாணவர் பலருக்கு நினைவில் எழுவது மருந்துக் கடைக் குழாயிலிருந்து பிதுங்கும் களிம்புதான். எவர்சில்வர் வந்தபின் அடுக்களையில் பச்சை பூத்த செம்புப் பாத்திரத்தை அவர்கள் கண்டதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் வேண்டுமானால் காணலாம்.

இரும்பில் ஏறுவது துரு, செம்பில் பூப்பது களிம்பு. பாடநூல் இரண்டையும் 'அரிமானம்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. கரையான் அரிப்பதுபோல் உலோகம் அரிபடுகிறது என்னும் பொருளில், கட்டுமானம், வருமானம் என்பவற்றின் வாய்பாட்டில் அமைந்த சொல். ஆங்கிலக் 'கரோஷ'னும் கொறித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததே. இந்த அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது.

பொதுச்சொல் தேவைதான். ஆனால் பழஞ்சொற்கள் காட்டிய வேறுபாடு வெறும் நிறத்தைப் பற்றியதன்று. துரு உதிரும்; உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு காற்றுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். (மலையாளத்தில் இதற்குத் துரும்பு என்று பெயர், நம் துரும்பு வேறு.) களிம்போ வெயிலிலும் மழையிலும் கிடக்கும் செம்பை விடாது பற்றி, அடியிலுள்ள உலோகத்துக்குப் போர்வையாகிவிடும். சமையற் பாத்திரத்தில் மட்டும் அது பகை. புளி பட்டால் நஞ்சாகும் என்பதால்தான் ஈயம் பூசினார்கள்.

உயிரோடு அனாதியே உடனிருப்பதாகச் சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்துக்கு உவமையானது இந்தக் களிம்பு. நெல்லின் உமியும் உடன் சொல்லப்படும். வேதியியல் படித்தவர் இங்கே குறுக்கிடுவார்: களிம்பு காற்றும் ஈரமும் பட்டுப் பின்னால் வருவது, உடன்பிறந்ததன்று என்பார். சரிதான். ஆனால் செம்பு பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். மாலகைட் என்னும் பச்சைத் தாது, தாமிரத்தின் காரக் கார்பனேட்; காற்றில் கிடந்த செம்பில் படியும் பச்சையிலும் அதே சேர்மம் உண்டு. இரும்புத் துருவும் அவ்வாறே: அதுவும் லிமோனைட் தாதுவும் நீரேறிய இரும்பு ஆக்சைடுகள். கொல்லன் உலையில் பிரித்தெடுத்ததை உலோகம் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது.