மதிய இடைவேளைக்கு வந்த எக்ஸ்ரே வண்டி

ஒக்டோபர் வந்தால் பிங்க் ரிப்பன் படங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றும். "மார்பகப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம்" என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி உண்மை என்று காட்ட எத்தனை பேர் எத்தனை வருடம் பாடுபட்டார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கதை தேவைப்படுகிறது. ஏன் என்பது போகப்போக விளங்கும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள் உறவுகளே.

1913இல் பெர்லினில் அல்பர்ட் சலோமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அறுத்து அகற்றிய மார்பகங்கள் ஏறத்தாழ மூவாயிரத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கட்டி எப்படிப் பரவுகிறது என்பது படத்தில் தெரிந்தது. ஆனால் அவர் யூதர். 1938இல் அவரை சாக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். அவருடைய மகள்தான் ஓவியர் சார்லட் சலோமன், 1943இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். மருத்துவ வரலாறு என்று புத்தகத்தைத் திறந்தாலும் இப்படியான பக்கங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

பிறகு உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன், மார்பை அழுத்திப் பிடித்துப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்று காட்டினார். உப்புத் தூள் சிந்தியது போலத் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்றும் சொன்னார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரொபர்ட் ஈகன் என்ற கதிரியல் வைத்தியர் 1956 முதல் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். யார் எடுத்தாலும் ஒரே தரத்தில் படம் வரும்படி செய்ததுதான் அவருடைய பெரிய வேலை.

இனி நாங்கள் சொல்ல வந்த மனிதர். பெயர் பிலிப் ஸ்ட்ராக்ஸ், நியூயோர்க்கில் கதிரியல் வைத்தியர். 1947இல் அவருடைய மனைவி பெர்த்தா மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 39. அதற்குப் பிறகு அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஒரே கேள்விதான்: கையில் தட்டுப்படுவதற்கு முன்னாலேயே கட்டியைக் கண்டுபிடித்தால் சாவு குறையுமா?

"குறையாமல் என்ன?" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயிலை ஒருவர் தெமோதரையில் காண்கிறார். இன்னொருவர் நானுஓயாவில் காண்கிறார். தெமோதரைக்காரர் அதை முன்கூட்டியே கண்டார் என்பது உண்மை. அதற்காக ரயில் கொழும்புக்குப் போய்ச் சேரும் நேரம் மாறுமா? நோயும் அப்படித்தான். முந்திக் கண்டுபிடித்ததால், "நோய் தெரிந்த பிறகு அதிக வருடம் வாழ்ந்தார்" என்று கணக்குக் கூடும். ஆனால் மரணம் வந்த நாள் அதேயாக இருக்கலாம். ஆகவே பிழைத்த வருடங்களை எண்ணினால் போதாது. ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்தை எடுத்து, ஒரு கூட்டத்தை மட்டும் பரிசோதனைக்கு அழைத்து, இரண்டிலும் எத்தனை பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

1963 டிசம்பரில் ஸ்ட்ராக்ஸ், புள்ளிவிபரவியலாளர் சாம் ஷபிரோ, சத்திரசிகிச்சை நிபுணர் லூயிஸ் வெனட் ஆகிய மூவரும் அதைத் தொடங்கினார்கள். நியூயோர்க்கில் எச்.ஐ.பி. என்ற சுகாதாரக் காப்புறுதித் திட்டத்தில் இருந்த, 40 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 62,000 பெண்கள். பாதிப் பேருக்கு அழைப்பு, மற்றப் பாதிக்கு வழமையான வைத்தியம். அழைத்தவர்களுக்கு முதலில் ஒரு பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்றாக மூன்று. ஒவ்வொரு முறையும் மெமோகிராம் படமும் உண்டு, வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பதும் உண்டு.

அழைத்தால் வந்துவிடுவார்களா? உடம்பில் நோவு இல்லாத ஒரு பெண், வேலையை விட்டுவிட்டு ஏன் வைத்தியரிடம் போகவேண்டும்? ஸ்ட்ராக்ஸ் செய்த காரியத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதற்கு அவர் கண்ட வழிதான். எக்ஸ்ரே கருவியை ஒரு வண்டியில் ஏற்றி, பெண்கள் வேலைசெய்யும் மன்ஹட்டன் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். மதிய இடைவேளையில் இறங்கி வந்து காட்டிவிட்டுத் திரும்பவும் வேலைக்கு ஏறிப் போகலாம், சம்பளம் குறையாது. அழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வந்தார்கள்.

1971இல் முடிவு வந்தது. அழைக்கப்பட்ட கூட்டத்தில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. வராமல் விட்டவர்களையும் சேர்த்து எண்ணித்தான் இந்தக் கணக்கு. பின்னர் சுவீடனில் ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ தாபார் என்ற கதிரியல் வைத்தியர் 1977இல் இரண்டு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வில் மெமோகிராம் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 1985இல் வெளியான அதன் முடிவும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இத்துடன் கதை முடிந்ததா என்றால் இல்லை. கனடாவில் 1980இல் ஏறத்தாழ 90,000 பெண்களை வைத்துத் தொடங்கிய ஆய்வு, 25 வருடம் பின்தொடர்ந்து 2014இல், மெமோகிராம் எடுத்ததால் மரணம் குறையவில்லை என்று சொன்னது. அங்கே ஐம்பதைத் தாண்டிய பெண்களில் இரு கூட்டத்துக்கும் பயிற்சி பெற்றவர்கள் கையால் நன்றாகப் பரிசோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் படமும் சேர்ந்தது. அந்த ஆய்வைப் பற்றி இன்றைக்கும் நிபுணர்கள் சண்டை பிடிக்கிறார்கள், தாபாரும் அதைக் கடுமையாக எதிர்த்தவர். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வைத்தியர்கள் இல்லை. ஆனால் ஸ்ட்ராக்ஸின் ஆய்விலேயே கையும் படமும் சேர்ந்துதான் இருந்தன என்பதை மறக்கக்கூடாது. காப்பாற்றியதில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து நாட்டிலிருந்து ஒரு பதில் வந்தது. மும்பை டாடா நினைவு வைத்தியசாலையின் இந்திரனீல் மித்ரா குழுவினர் 1998இல் சேரிப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான 151,538 பெண்களை வைத்து ஆய்வு தொடங்கினார்கள். மெமோகிராம் கிடையாது. பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து கையால் பரிசோதித்தார்கள், நான்கு சுற்று. 20 வருடம் பின்தொடர்ந்து 2021இல் முடிவு சொன்னார்கள். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது 47 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ள பெண்களில் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே குறையவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

இப்போது எங்கள் மலைக்கு வருவோம்.

மடுல்சீமை, லுணுகலை, ஸ்பிரிங்வெளி, நமுனுகுலை எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் காலையில் பெரட்டுக்குப் போனால்தான் பேர். மலையிலிருந்து இறங்கி பஸ் பிடித்து பதுளைக்கு வந்து வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய பேர் போச்சு. வலியே இல்லாத ஒரு சிறு கட்டிக்காக எந்தத் தாய் ஒரு நாள் பேரை விடுவாள்? புண்ணாகி, வாடை வந்த பிறகுதான் வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளை திடீரென்று பாடசாலைக்கு வராமல் விடும்போதுதான் எங்களுக்கே தெரிய வருகிறது. ஒரு காலத்தில் "மஹரகமவுக்கு எழுதிட்டாங்க" என்றாலே லயத்தில் ஒப்பாரிதான். இன்று பதுளையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. இருந்தும் பிந்தி வருவது நிற்கவில்லை.

நம் நாட்டில் எல்லாப் பெண்களையும் மெமோகிராமுக்கு அழைக்கும் திட்டம் இல்லை. ஆனால் 1996 முதல் சுவநாரி கிளினிக் இருக்கிறது. முப்பத்தைந்து வயதான பெண்களை அங்கே முக்கியமாக அழைக்கிறார்கள். கையால் மார்பைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துக்கும் பரிசோதனை உண்டு, காசு இல்லை. மும்பையில் செய்ததும் இதே கைவேலைதான். அங்கே ஊழியர் பெண்கள் இருக்கும் பகுதிக்கே வந்தார், இங்கே நாங்கள் போகவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் தோட்டத்தில் அது பெரிய வித்தியாசம். தமிழ் பேசும் மருத்துவிச்சிமார் போதாமையும் சேர்ந்துகொள்கிறது.

வெட்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. டவுனில் இருக்கிற எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் "பொம்பிளை டொக்டர் இருந்தால் போகலாம்" என்றுதான் பேச்சு. மும்பையில் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதை அதனால்தான் மேலே சொன்னோம்.

தோட்டத்துக்கே கிளினிக் வருகிற நாளில், பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்குப் பேர் வெட்டாமல் கொடுக்கச் சொல்லித் துரையிடம் கேட்பது தலைவர்மாருக்கு முடியாத காரியமா? ஸ்ட்ராக்ஸின் வண்டி செய்த வேலையும் அதுதானே, வேலைநாளைக் கெடுக்காமல் காட்டிவிட்டுப் போவது. மாதர் சங்கம், கோயில் கமிட்டி, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் யார் கேட்டாலும் நல்லதே.

உங்கள் பகுதி எம்.ஓ.எச். பணிமனையில் சுவநாரி கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பசறை, ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்கள் முக்கியமாக. எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்து எழுதி, பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தாய்மாருக்குக் கையில் கொடுக்கப் போகிறோம்.